விதியென்று சொன்ன வாய்

ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. எனினும், அந்தத் தாய் கேட்ட கேள்வி நம் செவியைவிட்டு அகலவில்லை.

நமது தெருக்கோடியிலே ஓர் ஓட்டு வீடு. அந்த வீட்டுக்கு ஒரே மகன். இருபத்து மூன்று வயது. ஒரு தொழிற்சாலையிலே ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்திருந்தான். காலையில் சோற்றுத் தூக்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு சென்றவன், மாலையில் வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டுத் திரும்பினான். நீராவிக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவ்வளவுதான் செய்தி.

துக்கம் கேட்கச் சென்றோம். திண்ணையிலும் தெருவிலும் கூட்டம். ஆளுக்கொரு ஆறுதல். "அவன் நாள் முடிந்தது" என்றார் ஒருவர். "ஆண்டவன் போட்ட கணக்கு" என்றார் மற்றொருவர். "எழுதியதை அழிக்க யாரால் ஆகும்?" என்றார் இன்னொருவர். நம் முறை வந்தது. விதி என்பது வீணர் கட்டிய கதை என்று ஏட்டிலே எழுதியவர் நாம். மேடையிலே முழங்கியவர் நாம். மற்றவர் அந்தச் சொல்லை உச்சரித்தால் முகம் சுளித்தவர் நாம். அந்தத் தாயின் எதிரிலே நின்றபோது, நா வறண்டது; சொல் பஞ்சமாயிற்று. கடைசியில் நம் வாயிலிருந்து உதிர்ந்தது என்ன?

"என்னம்மா செய்வது... விதி" என்றோம்.

அம்மையார் தலை நிமிர்ந்தார். அழுது சிவந்த கண்கள். ஆனால் குரலிலே நடுக்கம் இல்லை.

"விதின்னு சொல்லாதீங்க ஐயா. அந்தக் குழாயி கசியுதுன்னு மூணு மாசமா எம்மவன் சொல்லிக்கிட்டே இருந்தான். அவன் சொன்னது யார் காதுல ஏறுச்சு? விதியா வந்து கசிய விட்டுச்சு?"

எழுதப் படிக்கத் தெரியாத தாய் அவர். ஏடு பல புரட்டியவர் நாம். அன்று பகுத்தறிவு பேசியவர் யார், பழைய பாட்டைப் பாடியவர் யார் என்பதைத் தோழர்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நாம் தலை குனிந்து வீடு திரும்பினோம்.

அந்தக் கேள்வி கடல் கடந்தும் நம்மைத் தொடர்ந்து வரும் என்று அன்று நாம் எண்ணியதில்லை.

* * *

அமெரிக்க நாட்டு ஹூஸ்டன் நகரிலே நம் மகன் வேலை பார்க்கிறான். அவன் அழைப்பை ஏற்றுச் சில வாரம் அங்கே தங்கியிருந்தோம். விண்வெளி நிலையத்தைக் காட்டினான். வானளாவும் மாளிகைகளைக் காட்டினான். ஒரு ஞாயிறன்று, "அப்பா, கடலோரம் போய் வரலாம்" என்று தென்கிழக்காக அழைத்துச் சென்றான். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். சமவெளியின் விளிம்பிலே, கால்வெஸ்டன் விரிகுடாவின் கரையிலே, குழாய்களும் கோபுரங்களும் கொப்பரைகளுமாக ஒரு காடு தோன்றிற்று. மரம் இல்லாத காடு. இலையுதிர் காலம் இல்லாத இரும்புக் காடு. "இதுதான் டெக்சாஸ் சிட்டி" என்றான் மகன்.

டெக்சாஸ் சிட்டி! அந்தப் பெயரை நாம் முன்பே படித்திருந்தோம். ஐம்பதாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் சிற்றூர். ஆனால், தொழிற்சாலைத் துயரங்களின் வரலாற்றிலே இரு முறை தன் பெயரைக் குருதியால் எழுதிக்கொண்ட ஊர்.

முதல் முறை 1947-இல். ஏப்ரல் 16 காலையில், துறைமுகத்திலே நின்றிருந்த கிராண்ட்கேம்ப் என்னும் பிரெஞ்சுக் கப்பலில் தீப்பிடித்தது. கப்பலின் வயிற்றிலே 2,000 டன்னுக்கும் மேற்பட்ட அம்மோனியம் நைட்ரேட் உரம். ஆரஞ்சு வண்ணப் புகை எழுந்தது. அழகாக இருக்கிறதே என்று ஊர் மக்கள் கரைக்கு ஓடி வந்து வேடிக்கை பார்த்தனர். புகையின் அழகைக் கண்டவர் அறிந்தாரில்லை, அதன் அடியிலே கிடந்த ஆபத்தை. கப்பல் வெடித்தது. மறுநாள் இன்னொரு கப்பலும் வெடித்தது. மாண்டவர் ஏறத்தாழ 600 பேர். தீயை அணைக்கச் சென்ற ஊர்த் தன்னார்வப் படையின் 28 பேரிலே 27 பேர் திரும்பவில்லை. அடையாளம் காண முடியாமற்போன 63 உடல்களை ஒரே இடத்தில் அடக்கம் செய்தனர். அந்தக் கப்பலின் நங்கூரத்தை ஊரார் நினைவுப் பூங்காவிலே நிறுத்தி வைத்திருக்கின்றனர். நாம் அதைக் கண்டோம். கப்பலை நிலைநிறுத்த வேண்டிய நங்கூரம், இன்று ஓர் ஊரின் நினைவை நிலைநிறுத்திக்கொண்டு நிற்கிறது.

பூங்காவிலே ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தோம். ஆலைகளிலே முப்பது ஆண்டுக்கு மேல் குழாய் பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். "அதோ தெரிகிறதே, அந்தக் கோபுரங்கள்தான் என் வீட்டைக் கட்டின, என் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது சம்பளத்தின் வாசனை" என்று சொல்லிச் சிரித்தார்.

"2005-இல் நடந்ததே..." என்று தொடங்கினோம்.

சிரிப்பு நின்றது. முதியவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். உழைத்துக் காய்த்துப்போன கைகள். நீண்ட நேரம் கழித்து, இரண்டே சொற்கள் சொன்னார். அவர் மொழியிலே சொன்னதை நம் மொழியிலே சொன்னால், "போதாத காலம்" என்பதுதான் அது.

போதாத காலம்! நம் தெருவிலே விதி. அவர் ஊரிலே போதாத காலம். மொழி வேறு, மதம் வேறு, நிறம் வேறு. ஆனால், துயரம் வந்து கதவைத் தட்டும்போது மனிதன் ஓடி ஒளிந்துகொள்ளும் மூலை மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. நமக்கு அந்த முதியவரிடம் கோபம் வரவில்லை. அந்த மூலையிலே நாமும் ஒரு நாள் ஒளிந்தவர்தாமே!

* * *

நடந்தது என்ன? போதாத காலந்தானா? அன்றிரவு மகன் வீட்டிலே அமர்ந்து, அமெரிக்க அரசின் இரசாயனப் பாதுகாப்பு விசாரணைக் குழு 2007 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையைப் படிக்கத் தொடங்கினோம். பொழுது புலரும் வரை கீழே வைக்கவில்லை.

2005, மார்ச் 23. பி.பி. நிறுவனத்தின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளிலே மூன்றாவது. பழுது பார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருந்த ஒரு பிரிவை மீண்டும் இயக்கத் தொடங்கினர். அந்தப் பிரிவிலே 170 அடி உயரமுள்ள ஒரு கோபுரம். எரியெண்ணெயைச் சூடேற்றி, இலேசானதை மேலே பிரித்து, கனமானதைக் கீழே இறக்குவது அதன் வேலை. அடியிலே சில அடி உயரத்துக்கு மட்டுமே திரவம் இருக்க வேண்டும். ஆனால், உள்ளே செலுத்திக்கொண்டே இருந்தனர். வெளியேற்றும் வழியைத் திறக்கவில்லை. இப்படி மூன்று மணி நேரத்துக்கும் மேல்!

மட்டங்காட்டும் மானி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அடிப்பகுதியின் ஒன்பது அடி வரைக்குந்தான் அது அளக்க வல்லது. அந்த அளவிலும் அது உண்மை பேசவில்லை. கோபுரத்துக்குள்ளே திரவம் 150 அடிக்கும் மேல் ஏறி நின்ற நேரத்தில், மானி எட்டு அடிகூட இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. அதுவும் மட்டம் இறங்குகிறது என்று! எச்சரிக்கை மணி? ஒன்று ஒலித்தது, அதற்கும் மேலான மட்டத்தில் ஒலிக்க வேண்டிய மற்றொன்று ஊமையாயிற்று. நேரே பார்த்தறிய வைத்த கண்ணாடி? அழுக்கேறி, பார்வைக்குப் பயன்படாமற் கிடந்தது. கட்டுப்பாட்டு அறையிலே எத்தனை பேர்? மூன்று பிரிவுகளையும் கவனிக்க ஒருவர். அவர் எத்தனை நாளாக உழைக்கிறார்? நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வீதம், ஓய்வு நாளின்றி 29 நாள்!

திரவம் நிரம்பி வழிந்தது. அழுத்தம் தாங்காமல் காப்பு வால்வுகள் திறந்தன. மிகுதியெல்லாம் ஒரு பழங்காலக் கலத்துக்குள் பாய்ந்தது. அந்தக் கலத்தின் தலையிலே வானத்தைப் பார்த்து நிற்கும் ஒரு புகைபோக்கி. மிகுதி வாயுவைப் பத்திரமாக எரித்துத் தீர்க்கும் சுடர்க்கம்பத்துடன் அது இணைக்கப்படவில்லை. ஆகவே, எரியெண்ணெய் ஊற்றுப் போலப் பீறிட்டுத் தரையிலே கொட்டியது, ஆவியாகிப் படர்ந்தது. அருகிலே, இயந்திரம் ஓடியபடி நின்றிருந்த ஒரு டீசல் வண்டி அதற்குப் பொறி தந்தது. பிற்பகல் 1 மணி 20 நிமிடம். வெடித்தது!

15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். முக்கால் மைல் தொலைவு வரை வீடுகள் சேதமுற்றன. 43,000 மக்களுக்கு, கதவடைத்து வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று ஆணை பிறந்தது. 1947-ஐக் கண்ட கிழவர்களும் அந்த வீடுகளுக்குள்ளே இருந்திருப்பார்கள். அந்தப் பிற்பகலில் அவர்கள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம்.

மாண்ட அந்தப் பதினைந்து பேர் யார்? இங்கேதான், தோழர்களே, நாம் அறிக்கையை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினைந்து பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அந்தப் பிரிவிலே வேலை பார்க்க வந்தவர்கள்கூட அல்லர். பக்கத்துப் பிரிவின் பழுது வேலைக்காக வந்தவர்கள். அவர்கள் அமர்ந்து வேலை பார்க்கச் சக்கரம் வைத்த கொட்டகைகள்; டிரெய்லர் என்பார்கள். அவற்றுள் ஒன்றை எங்கே நிறுத்தியிருந்தனர் தெரியுமா? அந்தக் கலத்திலிருந்து ஏறத்தாழ 120 அடி தொலைவிலே! ஆலையை இயக்கத் தொடங்கும் நேரமே ஆபத்து மிகுந்த நேரம் என்பது தொழில் அறிந்தார் அனைவருக்கும் தெரியும். ஆனால், இன்று தொடங்குகிறோம், விலகி இருங்கள் என்று அந்தக் கொட்டகையில் இருந்தவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் அப்போதுதான் ஒரு பகல் விருந்திலிருந்து திரும்பியிருந்தனர். எதற்காக விருந்து? பாதுகாப்பிலே சாதனை காட்டியதற்காகப் பாராட்டு விருந்து!

ஊருக்கு ஒதுக்குப்புறத்திலே சேரியை வைத்த நாட்டிலிருந்து சென்றவர் நாம். அங்கே சாதி இல்லை, தீண்டாமை இல்லை. ஆனால், ஆபத்துக்கு அருகிலே யாரை அமர வைப்பது என்ற கேள்வி எழும்போது, அழைத்துக் கேட்க ஆளில்லாதவனே அங்கும் அகப்படுகிறான். நம் தெருக்கோடி இளைஞனும் ஒப்பந்தக் கூலிதானே!

* * *

இனி, ஊரும் உலகமும் அந்தச் சாவுகளை எப்படி எதிர்கொண்டன என்று பார்ப்போம்.

போதாத காலம் என்றது ஒரு குரல். அது பூங்கா முதியவரின் குரல். அந்தக் குரலைப் பழிப்பது எளிது, புரிந்துகொள்வது கடினம். வயிற்றுக்குச் சோறிடும் கையே கழுத்தையும் நெரித்தது என்று ஒப்புக்கொள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நாளைக் காலையில் அதே வாயிலின் வழியே, அதே கோபுரத்தின் நிழலுக்கு மகனை அனுப்ப வேண்டியவர், அங்கே பிழை இருக்கிறது என்று நம்பத் தொடங்கினால் இரவிலே எப்படித் தூங்குவார்? போதாத காலம் என்பது, தூக்கத்துக்காக ஏழை வாங்கும் மருந்து. மருந்து நோயைத் தீர்ப்பதில்லை என்பது வேறு செய்தி.

கவனக் குறைவு என்றது இன்னொரு குரல். அது நிறுவனத்தின் குரல். 2005 மே மாதத்திலே, தன் முதல் அறிக்கையிலே, அன்று பணியிலிருந்த இயக்குநர்களும் மேற்பார்வையாளர்களும் முறைப்படி நடக்கவில்லை என்றது நிறுவனம். சிலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். தொழிற்சங்கம் கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும்? 29 நாள் ஓய்வின்றி உழைத்தவன் கண் அயர்ந்தான் என்று குற்றம் சாட்டுகிறவர், 29 நாள் உழைக்க வைத்தவர் யார் என்று ஏன் கேட்கவில்லை? பொய் சொல்லும் மானியை நம்பினான் என்கிறவர், அதைப் பழுது பார்க்காமல் விட்டது யார் என்று ஏன் கேட்கவில்லை? பிழையே நடக்கவில்லை என்று நாம் வாதாடவில்லை. நடந்தது. ஆனால், கடைசியாகக் கை வைத்தவன் தலையிலே கதை முழுவதையும் ஏற்றிவிட்டால், அதுவும் விதிதான். தலையெழுத்தை எழுதியவன் மட்டும் மாறுகிறான்.

ஏன் என்று கேட்டது மூன்றாவது குரல். நல்ல வேளையாக அங்கே அந்தக் குரல் எழுந்தது. விசாரணைக் குழு, மானியோடு நிற்கவில்லை; மானிக்குப் பின்னாலே சென்றது. அதே பிரிவை முன்பு இயக்கத் தொடங்கிய போதெல்லாம், பெரும்பாலான தடவைகளில், திரவம் மானியின் எல்லையைத் தாண்டியே ஏறியிருக்கிறது என்று கண்டது. விபத்து நேராததால், விலகல் வழக்கமாயிற்று, வழக்கம் விதிமுறையாயிற்று. 1994 முதல் 2004 வரை, அதே கலத்திலே ஆபத்தான நிகழ்ச்சிகள் எட்டு நடந்திருக்கின்றன என்று கண்டது. சுடர்க்கம்பத்துடன் இணைக்கும் யோசனை முன்பே எழுந்து, செயலாகாமற் போனதைக் கண்டது. 1999-இலே நிலைச் செலவில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் என்று மேலிடம் இட்ட கட்டளையைக் கண்டது. இந்த வெடிப்புக்கு முந்திய 30 ஆண்டுகளில் அந்த ஆலை வளாகத்திலே 23 உயிர்கள் போயிருந்ததைக் கண்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நெஞ்சைச் சுட்ட செய்தி ஒன்றுண்டு. வெடிப்புக்கு இரண்டே மாதம் முன்பு, 2005 ஜனவரியிலே, தொழிலாளரிடம் கருத்துக் கேட்டுத் தயாரித்த ஓர் அறிக்கை நிர்வாகத்தின் கையிலே இருந்தது. பேராபத்து நேருமோ என்று அஞ்சுகிறோம் என்று அந்தத் தொழிலாளர்கள் அதிலே சொல்லியிருந்தார்கள்.

சொல்லியிருந்தார்கள்! மூணு மாசமா எம்மவன் சொல்லிக்கிட்டே இருந்தான் என்ற குரல், அந்த நள்ளிரவிலே, ஹூஸ்டன் நகரத்து வீட்டிலே, நம் காதிலே மீண்டும் ஒலித்தது.

விடமாட்டேன் என்றது நான்காவது குரல். அது ஓர் இளம் பெண்ணின் குரல். தாயும் தந்தையும் ஒரே கணத்திலே அந்தக் கொட்டகைப் பகுதியில் மாண்டனர். பெற்றோர் இருவரையும் இழந்த அவள், பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமலிருக்க மறுத்தாள். உள்ளே புதைத்து வைத்த ஆவணங்களை ஊரறிய வெளியிட வேண்டும் என்றாள். தீப்புண் மருத்துவத்துக்கும் பாதுகாப்புக் கல்விக்கும் நிதி தர வேண்டும் என்றாள். 2006 நவம்பரிலே, வழக்கு விசாரணை தொடங்க இருந்த வேளையிலே, நிறுவனம் இசைந்தது. காகிதங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. மாண்டவர் திரும்ப மாட்டார் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால், அவர்கள் ஏன் மாண்டனர் என்ற உண்மையும் அவர்களோடு புதைந்துவிடக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

* * *

நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "எல்லாம் சரி ஐயா, இயந்திர யுகத்திலே விபத்து இல்லாமல் முடியுமா? வேண்டாமென்றால் மாட்டு வண்டிக்கே திரும்பிவிடுவதா?" என்று கேட்கக்கூடும்.

மாட்டு வண்டிக்குத் திரும்பச் சொல்பவர் அல்லர் நாம். இயந்திரத்தை வெறுப்பவரும் அல்லர். அடுப்பில் எரியும் எரிவாயுவும், நம்மைக் கடல் கடத்திச் சென்ற விமானத்தின் எண்ணெயும், அத்தகைய கோபுரங்களின் கொடை என்பதை மறந்தவரல்லர். இயந்திரத்தை ஆக்கியது அறிவு. அந்த அறிவை ஆக்குவதற்கு மட்டும் அழைத்துக்கொண்டு, காப்பதற்கு அழைக்காமல் விடுவதைத்தான் கண்டிக்கிறோம். இலாபம் வரும்போது அது திறமையாம். சாவு வரும்போது அது விதியாம்! கோபுரம் கட்டும்போது கணக்குப் புத்தகம். குழி வெட்டும்போது வேத புத்தகமா? இது எந்த ஊர் நியாயம்?

ஏன் என்று கேட்டதால் விளைந்த பயனையும் பாருங்கள். பணியாளர் இருக்கும் கொட்டகைகளை ஆபத்தான பிரிவுகளிலிருந்து எட்ட வைப்பது எப்படி என்று 2007-இலே அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் நெறிமுறை வகுத்தது. தொழிலாளரின் களைப்பைப் பற்றி, எத்தனை நாள் தொடர்ந்து உழைக்கலாம் என்பதைப் பற்றி, 2010-இலே மற்றொரு நெறிமுறை வந்தது. இவை வானத்திலிருந்து விழவில்லை. பதினைந்து சவப்பெட்டிகளின் அருகிலே நின்று, விதி என்று சொல்லாமல், ஏன் என்று கேட்டவர்கள் பெற்றுத் தந்தவை.

அதனால் எல்லாம் நலமாக முடிந்தது என்று சொல்லிவிட மாட்டோம். 2005-இலே 2 கோடியே 13 இலட்சம் டாலர் அபராதம் விதித்த தொழிலகப் பாதுகாப்புத் துறை, இசைந்தபடி குறைகளைத் திருத்தவில்லை என்று கூறி, 2009-இலே மேலும் 8 கோடியே 70 இலட்சம் டாலர் விதிக்க நேர்ந்தது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 கோடி டாலர் தண்டம் செலுத்த இசைந்தபோது, இது போதாது என்று பாதிக்கப்பட்ட குடும்பத்தார் நீதிமன்றத்திலே முறையிட்டனர். 2013-இலே ஆலை வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று, பெயரும் மாறிற்று. நாம் சென்றபோது, அந்த இரும்புக் காட்டிலே எந்தக் கோபுரத்தின் அடியிலே அந்தப் பதினைந்து பேர் வீழ்ந்தனர் என்று சாலையிலிருந்து காட்டிச் சொல்ல நம் மகனால் முடியவில்லை. பெயர்கள் மாறும், பலகைகள் மாறும். மறதியும் ஒரு கசிவுதான்; மெல்ல மெல்லவே கசியும்.

* * *

ஊர் திரும்பிய மறுவாரம், நாம் அந்தத் தெருக்கோடி வீட்டுக்குச் சென்றோம். அம்மையார் முதுமை அடைந்துவிட்டார். சுவரிலே மகனின் படம். அதற்கு ஒரு காகிதப் பூமாலை. நம்மைக் கண்டதும், "வாங்க ஐயா, சீமைக்குப் போயிருந்தீங்களாமே" என்று பாயை விரித்தார்.

உட்கார்ந்தோம். அந்தப் பதினைந்து பேரின் கதையைச் சொன்னோம். கோபுரத்தைப் பற்றிச் சொன்னோம். பொய் சொன்ன மானியைப் பற்றிச் சொன்னோம். கொட்டகையைப் பற்றிச் சொன்னோம். அம்மையார் குறுக்கிடாமல் கேட்டார். முடிவிலே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அங்கேயும் முன்னாடியே சொல்லியிருந்தாங்களா?"

"ஆமாம் அம்மா. சொல்லியிருந்தார்கள்."

அவர் மகனின் படத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, நாம் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். பல ஆண்டுகளாகத் தொண்டையிலே கிடந்த சொல் அது.

"அன்றைக்கு நான் விதி என்று சொன்னேன். தவறு அம்மா. பொறுத்துக்கொள்ள வேண்டும்."

அவர் நம்மை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்களாவது திரும்பி வந்து சொன்னீங்களே" என்றார். எழுந்து உள்ளே சென்று, ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தோழர்களே! சாவு விழுந்த வீட்டுக்கு நீங்களும் செல்ல நேரும், செல்லத்தான் வேண்டும். அழுகிறவரின் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். சொல் கிடைக்காவிட்டால் பேசாமல் பக்கத்திலே இருங்கள். அதுவே போதும். ஆனால், ஆலையிலும் சுரங்கத்திலும் சாக்கடைக் குழியிலும் உழைத்து மாண்டவன் வீட்டிலே நின்று, அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். அழுகை ஓய்ந்த பிறகு, மூன்று கேள்விகள் கேளுங்கள். கசிந்தது எது? சொன்னவன் யார்? கேட்க மறுத்தவன் யார்?

மாண்டவனுக்குச் செய்யும் மரியாதை அது. நாளைக் காலையில் சோற்றுத் தூக்குடன் அதே வாயிலின் வழியே செல்ல இருப்பவனுக்குச் செய்யும் காவலும் அதுவே.